பெரட்டு கலைந்த பிறகு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருக்கிறேன். பாதுகாப்பு, சுகாதாரக் குழுவுக்குச் செயலாளரும் நான்தான். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் போதுமா? வாய் திறக்க வேண்டுமே.

மானேஜர் எதிரில் இருக்கும்போது பழக்குலை வெட்டுக்காரர்கள் தாமாகக் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் கூட்டத்துக்கு முந்தின வாரம், காலைப் பெரட்டு (ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) கலைந்ததும் ஆட்களோடு நின்று பேசிவிட்டுத்தான் நிகழ்ச்சி நிரல் எழுதுவேன்.

அப்படி ஒரு நாள், ஆட்களை மேய்க்கும் மூத்த மண்டோர் (கங்காணி) ஒருவர், "தங்கச்சி, கரண்டு கம்பி போற மர வரிசைய வந்து பாரு" என்றார். மரங்கள் நன்றாக உயர்ந்துவிட்டன. குலை வெட்ட அலுமினியக் கழியை நீட்டினால், அரிவாள் நுனி கம்பிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பட்டால் ஆள் பிழைப்பது அரிது. மானேஜர் அன்றைக்கே அந்த வரிசையில் வெட்டை நிறுத்தினார். நிலையான வழியைக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

"நான் சொன்னா எடுபடுமா?" என்று கேட்டார் மண்டோர்.

"நீங்கதாண்ணே சொல்லணும். முதல் விஷயமா போடுறேன்."

நேரமும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும். லோரி ஏற்றும் நேரத்தில் மண்டோரைக் கூப்பிட்டால் அவர் உடம்பு மட்டும்தான் அறையில் இருக்கும்.

கூட்டத்தன்று மண்டோர் எழுந்து, கழியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அப்புறம் பேச்சு நீளவில்லை. எந்த மரங்களுக்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் அடிப்பது, யார் அடிப்பது, எந்த நாளுக்குள், மின்சார நிறுவனத்துக்கு யார் கடிதம் எழுதுவது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதினோம். 'ஆவன செய்யப்படும்' என்று நான் குறிப்பில் எழுதுவதே இல்லை. அப்படி எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

மறுநாள் பெரட்டில் குறிப்பைத் தமிழிலும் மலாயிலும் வாசித்தோம். வங்காளதேசத்துத் தம்பிகளுக்கு, அவர்களில் மலாய் தெரிந்த ஒருவர் எடுத்துச் சொன்னார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு அந்த மண்டோரே ஆபீசுக்கு வந்தார். மருந்தடிக்கும் பெண்கள் கையுறை பற்றிப் பேச வேண்டுமாம். இரண்டு பேரைக் கூடவே அழைத்து வந்திருந்தார்.