ஆஃப்லைன் உண்டு என்று சொல்லித்தானே காசு கேட்டீர்கள்?

"இந்தக் காலத்துல நெட் இல்லாத வீடு எங்க இருக்கு?" ஒரு கேமில் ஆஃப்லைன், அதாவது நெட் இல்லாமலே விளையாடும் வசதி, இல்லையே என்று யாராவது புலம்பினால் உடனே வந்து விழுகிற பதில் இது. கேட்கிறவர் அநேகமாகச் சென்னையிலோ பெங்களூரிலோ ஃபைபர் போட்ட ஃபிளாட்டில் இருப்பார். நான் இருப்பது செக்கானூரணிப் பக்கம். எங்கள் வீட்டிலும் நெட் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ரோடு தோண்டாத நாளில், இடி இடிக்காத சாயங்காலத்தில், கரண்ட் இருக்கிற நேரத்தில் அது நன்றாகவே ஓடும். கரண்ட் போனால் யூபிஎஸ் புண்ணியத்தில் கம்ப்யூட்டர் நிற்காது, மோடமும் நிற்காது, ஆனால் தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்கு யார் யூபிஎஸ் வைப்பது? மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அந்த நேரம்தான் எனக்கு விளையாடக் கிடைக்கிற நேரமாகவும் இருக்கும், அது வேறு விஷயம்.

அதனால் ஒரு கேம் ஆஃப்லைனில் ஓடுமா என்பது என்னைப் போன்றவர்களுக்கு வாங்குவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிற கேள்வி. அதற்கு "ஓடும்" என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு, கடைசி நேரத்தில் "ஓடாது" என்று ஒரு கம்பெனி கைவிரித்த கதை ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

எலைட் டேஞ்சரஸ். பழைய ஆட்களுக்கு எலைட் என்றாலே போதும். 1984இல் டேவிட் பிரேபனும் இயான் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய விண்வெளி கேம். அந்த மெஷினின் மெமரி 32 கேபி, நாம் இப்போது வாட்ஸப்பில் அனுப்புகிற குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. அதற்குள் எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரம். எதையும் சேமித்து வைக்கவில்லை, ஒரு கணக்கைப் போட்டு வேண்டும்போது வேண்டிய நட்சத்திரத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். வெளியே எதோடும் கயிறு கட்டாத கேம் என்றால் அதுதான். மொத்தப் பிரபஞ்சமும் உன் மேஜை மேலேயே.

அதே பிரேபன் 2012 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டரில், அதாவது பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளத்தில், புது எலைட்டான எலைட் டேஞ்சரஸுக்குப் பணம் கேட்டார். இந்த முறை நம் பால்வீதி முழுக்க, 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். அந்த வருடம் மதுரைப் பக்கம் கரண்ட் போன நேரத்தை எண்ணுவதைவிட இருந்த நேரத்தை எண்ணுவது சுலபம், ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த இருட்டில் உட்கார்ந்து ஃபோனில் இதைப் படித்துக்கொண்டிருந்தவன் நான். பணம் போட்டவர்கள் அங்கே கேட்ட முக்கியமான கேள்விகளில் ஒன்று: சர்வரோடு, அதாவது நெட் வழியாக கேமை நடத்துகிற கம்பெனியின் கம்ப்யூட்டரோடு, இணையாமல் தனியாக விளையாட முடியுமா? டிசம்பரில் பதில் வந்தது. முடியும். மாறிக்கொண்டே இருக்கிற கேலக்ஸியின் அம்சங்கள் அதில் கிடைக்காது, ஆனால் சர்வர் இல்லாத ஒற்றையாள் விளையாட்டு உண்டு.

இந்தப் பதிலில் உள்ள விஷயத்தைக் கவனியுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. "குறைவாகத்தான் இருக்கும்" என்று அவர்களே சொன்னார்கள். சரி, குறைவாகவே இருக்கட்டும் என்று கேட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள். 25,000 பேருக்கு மேல் சேர்ந்து 15 லட்சம் பவுண்டுக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள்.

கேம் வெளியாகும் தேதி 2014 டிசம்பர் 16 என்று அறிவித்தாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்னால், நவம்பர் நடுவில், வழக்கமாக அனுப்பும் செய்திமடலில் மற்ற செய்திகளோடு செய்தியாக ஒரு சேதி: ஆஃப்லைன் கிடையாது. காரணம்? சர்வர் இல்லாமல் விளையாடினால் அனுபவம் ரொம்பக் குறுகிப்போய் உயிரில்லாமல் இருக்குமாம்.

அதைத்தானே இரண்டு வருடம் முன்னால் நீங்களே சொன்னீர்கள்! அதற்குச் சம்மதித்துத்தானே காசு கொடுத்தார்கள்! குறைந்த கேம் எனக்குப் போதுமா போதாதா என்பதை நான் முடிவு செய்துவிட்டேன், அதை நீங்கள் ஏன் எனக்காகத் திரும்ப முடிவு செய்கிறீர்கள்?

நியாயமாகவும் கொஞ்சம் பேசுவோம். வேலை கஷ்டம் என்பது உண்மையாகத்தான் இருக்கும். நட்சத்திரங்களைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதை நம் கம்ப்யூட்டரே செய்துவிடும். ஆனால் எந்த ஸ்டேஷனில் என்ன சரக்கு என்ன விலை, எந்தக் கோஷ்டி எந்த ஊரைப் பிடித்திருக்கிறது, இன்றைக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் எல்லோருடைய ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்து சர்வரில் நடக்கிறது. அதைப் பிரித்தெடுத்து வீட்டு மெஷினுக்குள் வைப்பது தனியாக இன்னொரு கேம் செய்கிற மாதிரி வேலை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பது ரிலீஸுக்கு ஒரு மாதம் முன்னால்தான் தெரியவருமா? ஆறு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும், ஆனால் இந்த அளவு வந்திருக்காது.

இதைவிட மோசம் பணத்தைத் திருப்பித் தருவதில் போட்ட நிபந்தனை. முன்பதிவு மட்டும் செய்து இன்னும் கேமைத் தொடாதவர்களுக்குத் திருப்பித் தருவார்கள். ரிலீஸுக்கு முன்னால் சோதனைக்காக விட்ட ஆல்ஃபாவிலோ பீட்டாவிலோ ஏற்கெனவே ஆன்லைனில் விளையாடியவர்களுக்குக் கிடையாது. ஆல்ஃபாவில் நுழைய 200 பவுண்டு, பிரீமியம் பீட்டாவுக்கு 100 பவுண்டு. அதாவது யார் அதிகமாகக் கொடுத்தார்களோ, யார் ரொம்ப முன்னாடியே நம்பினார்களோ, அவர்களுக்குத்தான் பட்டை நாமம். அடுப்பில் கொதிக்கும்போது "உப்பு பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டு நாக்கில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, பிறகு "நீங்கதான் சாப்பிட்டுட்டீங்களே" என்று பில் நீட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சத்தம் பெரிதான பிறகு ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதாகக் கொஞ்சம் இறங்கிவந்தார்கள். கேம்பிரிட்ஜில் இருக்கிற கம்பெனி, இங்கிருந்து காசு போட்டவர் மதுரை நுகர்வோர் நீதிமன்றத்தில் போய் நிற்கவா முடியும்.

நான் காசு போடவில்லை. ரிலீஸ் ஆனதும் வாங்கலாம் என்று இருந்தேன், ஆஃப்லைன் என்ற ஒரே காரணத்துக்காக. செய்தி வந்ததும் விட்டுவிட்டேன். என் நஷ்டம் ஆசையோடு போயிற்று.

பெங்களூரில் இருக்கிற என் மாமா மகனிடம் இதைச் சொன்னபோது, "அதுல சோலோ மோட் இருக்கே மாப்ள, தனியாத்தான விளையாடணும், அத விளையாடு" என்றான். நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். சோலோவில் மற்ற மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள், அவ்வளவுதான். சர்வர் வேண்டும். நெட் போனால் கப்பல் நடுவானில் இருக்கிறதா ஸ்டேஷனில் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது, மெனுவுக்குத் தூக்கி எறிந்துவிடும். எனக்கு மனிதர்களைப் பிடிக்காமல் நான் ஆஃப்லைன் கேட்கவில்லை. ஒழுங்காக நெட் இல்லாததால் கேட்கிறேன். அப்புறம், ஒருநாள் அவர்கள் சர்வரை மூடிவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும் என்பதற்காகவும் கேட்கிறேன்.

மூடுவார்களா என்றால், மூடுகிறார்கள். யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் கேமும் 2014 டிசம்பரில் வந்ததுதான். தனியாகவே கதையை ஓட்டி முடிக்கலாம், ஆனால் அதற்கும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் கேம் போயே போச்சு. இதிலிருந்துதான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய யூனியனுக்குக் கொடுக்க 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது: டிஜிட்டல் கேமை விற்கும்போது, வாங்குகிறவருக்குக் கிடைப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். நல்லதுதான். ஆனால் சொல்லிவிட்டுப் பிடுங்கலாம் என்று ஆகிறது.

"தொழில்நுட்ப ரீதியாக முடியாது" என்று கம்பெனிகள் சொல்வதை நான் அப்படியே நம்பாததற்குக் காரணம் உண்டு. 2013 மார்ச்சில், ஊரைக் கட்டி நடத்துகிற கேமான சிம்சிட்டி வந்தது. நெட் இல்லாமல் திறக்கவே திறக்காது. முதல் வாரம் சர்வர் படுத்து, காசு கொடுத்தவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். ஊரை நடத்துகிற கணக்கில் நிறைய சர்வரில்தான் நடக்கிறது, பிரிப்பது லேசில்லை என்றார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் மோட் அப்டேட்டாக வந்தது. தி க்ரூவை மூடிய அதே கம்பெனி, இவ்வளவு ரகளைக்குப் பிறகு தி க்ரூ 2-க்கு 2025இல் ஆஃப்லைனைக் கொண்டுவந்துவிட்டது. ஆக, முடிகிறது. யாராவது கத்தினால் முடிகிறது.

இப்போது நான் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் எதை வாங்கினாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், இணைய இணைப்பு தேவை என்று எங்காவது பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களா என்று தேடுகிறேன். ஜிஓஜி என்கிற இன்னொரு கடையில் கிடைத்தால் அங்கேயே வாங்கிவிடுகிறேன், இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டால் அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கிக்ஸ்டார்ட்டரில் காசு போடுவதில்லை, முன்பதிவும் கிடையாது. வெளியான பிறகு யாராவது நெட்டைத் துண்டித்துவிட்டு விளையாடிப் பார்த்து எழுதுகிற வரைக்கும் பொறுத்திருக்கிறேன். அதற்குள் விலையும் பாதியாகிவிடுகிறது.