குமிழில் இருக்கும் மற்ற தையல்கள்

என் தையல் இயந்திரத்தின் முகப்பில் உள்ள குமிழைச் சுற்றி 14 தையல்களின் படங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் நான் பயன்படுத்தியவை நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் மட்டுமே. அதற்கு முன் அம்மாவின் கால்மிதி இயந்திரத்தில் பழகியவள் நான். அதில் நேர்த்தையல் ஒன்றுதான் உண்டு. அதைக் கொண்டே அம்மா ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, எங்கள் பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் தைத்தார். ஆகவே மற்றப் படங்களை வெறும் அலங்காரம் என்று எண்ணி ஒதுக்கியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியது, மகளுக்காகத் திருப்பூர் பனியன் துணியில் தைத்த ஓர் இரவு உடை.

பனியன் துணி நெய்ததன்று, பின்னியது. நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீளும். நேர்த்தையலோ அவ்வளவு நீண்டு கொடுக்காது. மகள் அந்தக் கால்சட்டையை அணிந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவுடன் துணி நீண்டது, தையல் படபடவென்று அறுந்தது. நூல் மட்டம் என்று நினைத்து வேறு நூலில் மறுபடி தைத்தேன், அதுவும் அறுந்தது. பிறகுதான் கையேட்டை எடுத்து, மூன்று கோடுகள் சேர்ந்தாற்போல் வரைந்திருந்த தையல் எதற்கு என்று படித்தேன். அதில் ஊசி இரண்டு தையல் முன்னே போய் ஒரு தையல் பின்னே வருகிறது. அதனால் ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை நூல் விழுகிறது, துணி நீளும்போது அதனோடு சேர்ந்து கொஞ்சம் நீண்டும் கொடுக்கிறது. முனை உருண்ட பால்பாயின்ட் ஊசியையும் மாட்டிக்கொண்டால் துணியின் வளையங்கள் அறுபடாமல் விலகி வழிவிடும். கால்சட்டையின் கவட்டுப் பகுதி, சட்டையின் அக்குள், கடைக்குக் கொண்டுபோகும் துணிப்பையின் கைப்பிடி ஆகியவற்றுக்கு இப்போது இந்தத் தையலையே போடுகிறேன். ஒரே எச்சரிக்கை: இதைப் பிரிப்பது பெரும்பாடு. அளவு சரியாக இருக்கிறதா என்று, எளிதில் பிரிக்கக்கூடிய நீளத் தையலைத் தற்காலிகமாக ஓட்டி, போட்டுப் பார்த்த பிறகே இதைத் தைக்க வேண்டும்.

ஊசி இடமும் வலமுமாக ஆடும் ஜிக்ஜாக் புதிதன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹெலன் பிளான்சார்ட் 1873இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். நம் ஊரில் புடவை முனைக்கு ஜிக்ஜாக் அடிக்கக் கடையில் கொடுத்து வாங்காத வீடு குறைவு. ஆனால் வாயில், மல் போன்ற மெல்லிய துணியின் ஓரத்தில் அகலமான ஜிக்ஜாக் போட்டால், ஊசி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரே தாவலில் போவதால் நூல் துணியை உள்ளே இழுத்துச் சுருட்டிவிடுகிறது. அதற்காகவே குமிழில் மூன்று படி ஜிக்ஜாக் இருக்கிறது. ஒவ்வொரு சாய்வையும் மூன்று சிறு தையல்களாகப் பிரித்துப் போடுவதால் ஓரம் தட்டையாகவே இருக்கும். இடுப்பு எலாஸ்டிக் வைப்பதற்கும் இதைவிட நல்ல தையல் எனக்குத் தெரியவில்லை. எலாஸ்டிக்கையும் இடுப்புச் சுற்றளவையும் தனித்தனியே நான்காகப் பிரித்துச் சாக்கால் குறியிட்டு, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்தி, எலாஸ்டிக்கை மட்டும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விழும்.

எனக்கு மிகவும் பிடித்தது மறைதையல். சில நேர்த்தையல்கள், பிறகு இடப்புறம் ஒரு நீண்ட எட்டு, மறுபடியும் நேர்த்தையல்கள் என்று அது போகும். பாவாடை, திரைச்சீலை ஆகியவற்றின் அடிமடிப்பைக் கையால் ஹெம்மிங் செய்யாமல் முடிப்பதற்காக வந்த தையல் இது. மடிப்பை உட்புறமாகத் திருப்பி, விளிம்பு மட்டும் அரை சென்டிமீட்டர் வெளியே தெரியுமாறு வைத்து அந்த விளிம்பின் மேல் தைக்க வேண்டும். ஊசி இடப்புறம் எட்டும்போது மடிப்பின் முனையில் ஓரிரு இழைகளை மட்டுமே தொட வேண்டும். அதிகம் தொட்டால் முன்புறம் புள்ளி புள்ளியாகத் தெரியும், தொடாமல் போனால் மடிப்பு தொங்கும். பருத்திப் புடவையின் ஃபால்ஸுக்கும் இதை முயன்றிருக்கிறேன். ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டால் பிறகு சுருங்கி இழுக்காது. பட்டுப் புடவைக்கு மட்டும் செய்ய மாட்டேன். பட்டில் ஊசி குத்திய துளை பிரித்தாலும் மறைவதில்லை. அதற்குக் கைத்தையலே முறை.

இதே மறைதையல்தான் அழகான வேலைப்பாடாகவும் மாறுகிறது என்பதைத் தற்செயலாகக் கண்டேன். மெல்லிய துணியின் ஓரத்தைச் சிறிதாக இரண்டு முறை மடித்து, துணியின் பெரும்பகுதி ஊசிக்கு வலப்புறம் இருக்குமாறு வைத்து, அகலத்தை 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோய், மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, சற்றுக் கூட்டித் தைக்க வேண்டும். நேர்த்தையல்கள் துணியின் மேல் விழும். நீண்ட எட்டு மட்டும் மடிப்பைத் தாண்டி வெற்றிடத்தில் இறங்கி, திரும்பும்போது மடிப்பைக் கிள்ளிப் பிடித்ததுபோல் உள்ளே இழுக்கும். ஒவ்வொரு கிள்ளலுக்கும் இடையில் துணி சிறு சிப்பியாக உப்பி நிற்கும். கைக்குழந்தையின் மல் சட்டைக்குக் கடையில் வாங்கும் நைலான் லேஸ் கழுத்தில் உறுத்தும். இந்தச் சிப்பி ஓரம் அதே துணியால் ஆனதால் உறுத்துவதே இல்லை. விறைப்பான துணியில் இது வராது.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். வெட்டி மீந்த துணியில் ஒரு விரல் நீளத்துக்குத் தைத்து ஒட்டி, பக்கத்தில் துணி, ஊசி நம்பர், தையலின் நீளம், அகலம், டென்ஷன் ஆகியவற்றை எழுதிவிடுகிறேன். நல்ல துணியில் கை வைக்குமுன் அதே துணியின் துண்டில் தைத்துப் பார்ப்பதை ஒருநாளும் விடுவதில்லை. முக்கியமாக, ஒரு துணியின் மேல் வேறு துணித் துண்டை வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலைக்குப் போடும் நெருக்கமான ஜிக்ஜாக்குக்கு இது அவசியம். நீளத்தை அரை மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்து, துணிக்கு அடியில் தாள் வைத்து, மேல்நூலைச் சற்றுத் தளர்த்தி, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்களில் அடிப்புறத்தில் பள்ளம் உள்ளதை மாட்டினால்தான் அடர்ந்த நூல் சிக்காமல் நகரும். சாதாரண ஃபுட்டில் அது ஒரே இடத்தில் குவிந்து துணியை நகர்த்தும் அடிப்பற்களுக்குள் அதை இழுத்துவிட்டதால் ஒரு மெத்தை உறையையே இழந்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. நடுவில் நைந்துவிட்டதால் நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி மேசை விரிப்பாக்குகிறேன். துண்டுகளை மடிப்போடு மடிப்பு சேர்க்காமல், 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தாளின் மேல் நீளத் தையலால் இருத்தி, இறகுபோல் இருபுறமும் கிளைவிடும் தையலை அந்த இடைவெளியின் நடுவே ஓட்டுகிறேன். ஊசி ஒருமுறை இந்த மடிப்பையும் மறுமுறை அந்த மடிப்பையும் கட்டாயம் பிடிக்க வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கிறது. துணியைக் கையால் இழுத்தால் இறகு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தைத்து முடித்துத் தாளைக் கிழித்து எடுத்தபோது, இரண்டு துண்டுகளுக்கும் நடுவே நூல் மட்டும் வலைபோல் நின்றது. நான்கு இணைப்புகள் முடிந்துவிட்டன, இன்னும் ஐந்து இருக்கின்றன.