சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிப் பத்தி

நான் வேலை பார்த்த வணிகக் கல்லூரிக்கு 40 ஆண்டு நிறைந்தபோது விழா மலர் போட முடிவு செய்தார்கள். கல்லூரி வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணக்கியல் ஆசிரியையாக அங்கே 26 ஆண்டுகள் இருந்துவிட்டேன். பணியில் இருப்பவர்களில் என்னைவிடப் பழைய ஆள் யாரும் இல்லை. அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தார்கள். எந்த ஆண்டு எந்தக் கட்டடம், எந்த ஆண்டு எந்தப் படிப்பு, மாணவர் எண்ணிக்கை எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. இதை விரித்து எழுதினால் போதும் மேடம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய பதிவேடுகள் இருக்கும் அறையின் சாவியை வாங்கிக்கொண்டேன்.

முதல் ஆண்டின் சேர்க்கைப் பதிவேடு துணி அட்டை போட்டது. முதுகுத் தையல் விட்டிருந்தது. உள்ளே 34 பெயர்கள். பெயர், வயது, சேர்ந்த நாள், எடுத்த பாடம், கட்டிய கட்டணம் என்று பத்திகள் போய், வலது ஓரத்தில் அகலமாக ஒரு பத்தி. தலைப்பு ‘சேர்ந்த வேலை’. 34 வரிகளில் 31 வரிகளுக்கு எதிரே பச்சை மையில் எழுதியிருந்தது. உதவிக் கணக்கர், சரக்கு எழுத்தர், சுருக்கெழுத்தர், சொந்தக் கடை. எல்லாம் நிறுவனரின் கையெழுத்து. படிப்பை முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று மாதக்கணக்கில் விசாரித்து விசாரித்து நிரப்பியிருக்கிறார். மையின் அடர்த்தி வரிக்கு வரி மாறுவதிலிருந்தே அது தெரிந்தது.

அவர் ஒரு நிறுவனத்தில் தலைமைக் கணக்கராக இருந்தவர். வேலைக்கு வரும் பையன்களுக்குப் பேரேடு எழுதத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில் இரண்டு அறைகளில் மாலை வகுப்பு தொடங்கினார். கணக்கு எழுதுதல், தட்டச்சு, சுருக்கெழுத்து, வணிகக் கடிதம் ஆகிய நான்குதான் பாடங்கள். பட்டம் கிடையாது. ஆறே மாதத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் தகுதி கிடைக்கும்.

உலகத்தில் தனியார் வணிகக் கல்லூரிகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தன என்பதை மலருக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டேன். பாரிஸில் 1819-இல் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய பள்ளிதான் உலகின் முதல் வணிகப் பள்ளி என்பார்கள். பொருளியலாளர் ழான் பாப்டிஸ்ட் சே அதற்குத் துணை நின்றார். அந்தப் பள்ளி தனியார் கையில் திண்டாடித் தாக்குப்பிடித்து, 1869-இல்தான் பாரிஸ் வணிகர் சங்கத்தின் பொறுப்புக்குப் போனது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊருக்கு ஊர் கணக்குக் கல்லூரிகள் முளைத்தன. ஜான் டி. ராக்ஃபெல்லர் 1855-இல் கிளீவ்லாந்தில் அப்படி ஒரு கல்லூரியில் சில மாதங்கள் படித்துவிட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று உதவிக் கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் எண்ணெய்த் தொழிலை ஆண்ட அந்த மனிதருக்கு வணிகம் படித்த இடம் அந்தச் சின்னக் கல்லூரிதான். பல்கலைக்கழகங்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க 1881 ஆனது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி அப்போதுதான் வந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கல்லூரியின் உயிர் பின்னறையில் இருந்தது. அதற்குப் ‘பயிற்சி அலுவலகம்’ என்று பெயர். ஒரு மூலையில் வங்கி, எதிரே மொத்த வியாபாரம், ஜன்னலோரம் சில்லறை வியாபாரம். கல்லூரியே அச்சடித்த நோட்டுகளில்தான் கொடுக்கல் வாங்கல். மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். நேற்று கடன் கேட்டவன் இன்று கடன் கொடுக்கும் நாற்காலியில் இருப்பான். ஐயா (நிறுவனரை அப்படித்தான் அழைப்போம்) எங்கிருந்து இந்த யோசனையைப் பிடித்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பழைய அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே முறை இருந்திருக்கிறது. தங்கள் பெயரில் அவை அச்சடித்த பயிற்சி நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்களாம்.

அந்த அறையில் ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறது. பற்றும் வரவும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் இருப்பாய்வில் 63 உதைத்தது. சில்லறை வியாபாரக் கணக்கு எழுதிய பெண் மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. வித்தியாசத்தை இப்போதைக்கு அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாமா மிஸ் என்று கேட்டாள். ஐயா அந்தப் பக்கம் வந்தார். “63-ஐ ஒன்பதால வகுத்துப் பாரும்மா” என்றார். மீதியில்லாமல் வகுபட்டது. “அப்ப ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். தேடு.” ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள். குறிப்பேட்டில் 1,270 என்று இருந்தது பேரேட்டுக்குப் போகும்போது 1,207 ஆகியிருந்தது. அவள் அந்த வரியை அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டாள். அழிப்பான் என்ற பொருளே அந்த அறைக்குள் வரக்கூடாது என்பது ஐயாவின் சட்டம்.

பிறகு கல்லூரி வளர்ந்தது. தட்டச்சுப் பொறிகள் போய்க் கணினிகள் வந்தன. பட்டப்படிப்பு வந்தது, அதன்பின் மேலாண்மை முதுகலை வந்தது. விரிதாளில் ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறுவதைப் பார்த்து வகுப்பே கைதட்டிய நாளை நான் மறக்கவில்லை. தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் 1979-இல் வந்தது. அதன் யோசனை, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு வகுப்பில் தோன்றியது. வணிகக் கல்லூரியில் இருக்கிற எல்லோருக்கும் அது பெருமைதான். ஆனால் கணினி ஆய்வகத்துக்கு இடம் தேவைப்பட்டபோது பயிற்சி அலுவலகத்தைத்தான் காலி செய்தார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அடுத்தது இரண்டாவது வளாகம். அந்தச் சமயம் நிர்வாகம் வேறு கைக்குப் போயிருந்தது. மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் சேர்க்கையின்போதே மொத்தமாகக் கட்டினால் சலுகை என்று அறிவித்தார்கள். பணம் கொட்டியது. அதை அப்படியே கட்டட வேலைக்குத் திருப்பினார்கள். அந்த ஆண்டு கணக்கைப் பார்த்தவர்கள் கல்லூரி அமோகமாக நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டு ஏற்கெனவே கட்டிவிட்ட மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமிருந்து புதிதாக வரவேண்டிய வரவு ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் எங்களுக்குச் சம்பளம் தாமதமானது. பகுதிநேர ஆசிரியர்கள் சிலர் நின்றுவிட்டார்கள். ஒரு பாடத்துக்கு ஏழு வாரம் ஆளே இல்லை.

ஐயாவை அழைத்து வந்தார்கள். வயதாகிவிட்டது, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. ஆசிரியர் கூட்டத்தில் யாரையும் குறை சொல்லவில்லை. கரும்பலகைக்குப் போய் நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம் பொறுப்புகள், மறுபக்கம் சொத்துகள். என்னைப் பார்த்தார்.

“முன்கூட்டிப் பெற்ற கட்டணம் எந்தப் பக்கம் வரும், சொல்லுங்கம்மா.”

“பொறுப்புப் பக்கம், ஐயா.”

“எப்ப அது வருமானம் ஆகும்?”

“பாடம் நடத்தி முடிச்ச பிறகு.”

முதலாண்டு மாணவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். எங்கள் கல்லூரியிலேயே அதை மீறியிருந்தோம். ஐயா சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, “இது நாம அந்தப் பிள்ளைங்களுக்குத் தரவேண்டிய கடன். இதுல செங்கல் வாங்கிட்டோம்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அறையிலும் யாரும் பேசவில்லை.

இந்தத் தவறு எங்களோடு தொடங்கியதல்ல. அமெரிக்காவில் பிரையண்டும் ஸ்ட்ராட்டனும் 1854-இல் தொடங்கிய வணிகக் கல்லூரித் தொடர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 50 நகரங்களுக்குப் பரவியது. ஓர் ஊரில் பணம் கட்டிச் சேர்க்கைச் சீட்டு வாங்கியவர் அத்தொடரின் எந்தக் கல்லூரியிலும் போய்ப் படிக்கலாம். கேட்க அருமையான திட்டம். கணக்கு எழுதுகிறவளாக அதைப் படித்தபோது எனக்கு ஒரே கவலைதான் வந்தது. பணம் வாங்கியது ஓர் ஊர், பாடம் நடத்தும் செலவு இன்னோர் ஊரில். 1867-இல் ஸ்ட்ராட்டன் இறந்த பிறகு தொடர் கலைந்து, பல ஊர்களில் கல்லூரியை நடத்திவந்தவர்களே அதை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் கல்லூரி இன்றும் இருக்கிறது. ஆனால் 50 நகரக் கனவு முடிந்துபோனது.

நாங்கள் மீண்டது எளிதாக நடக்கவில்லை. மொத்தக் கட்டணத் திட்டத்தை நிறுத்தி, இரண்டாவது வளாகத்தின் பாதியை வாடகைக்கு விட்டு, பருவத்துக்குப் பருவம் கட்டணம் வாங்கும் பழைய முறைக்கே திரும்பினோம். நிலைமை சீராக நான்கு ஆண்டு பிடித்தது.

பதிவேடுகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கிப் பார்த்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: மாணவர் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிய ஆண்டு முதல் பச்சை மை மெலிகிறது. பாதி வரிகள் வெறுமை. புதிய சேர்க்கைப் படிவம் அச்சிட்ட ஆண்டில் அந்தப் பத்தியே இல்லை. அதன் இடத்தில் புகைப்படம் ஒட்டக் கட்டம் போட்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று நீக்கியிருக்க மாட்டார்கள். படிவத்தில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளுக்குத் தரவேண்டியதைத் தந்து முடித்தோமா என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே இடம் அது. கட்டணம் வாங்கிய பத்தியை மட்டும் ஓர் ஆண்டுகூட விடாமல் நிரப்பியிருக்கிறோம்.

மலருக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சம்பளம் தாமதமான பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள். பேசிப் பார்த்தேன், இரண்டு வரியாகச் சுருக்கிப் போட்டார்கள். பதிவேட்டைப் பற்றி எழுதியது முழுதாக வந்தது. அதைப் படித்துவிட்டு முதல் 34 பேரில் ஒருவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். தன் பெயருக்கு எதிரே வெறுமையாக இருப்பதை மலரிலிருந்த படத்தில் பார்த்தாராம். இப்போது நிரப்ப முடியுமா என்று கேட்டார். பதிவேட்டை எடுத்து வந்தேன். பச்சை மைப் பேனா கையில் இல்லை. எழுத்தர் கடைக்குப் போய் வாங்கி வரும்வரை அவர் இணைப்பில் காத்திருந்தார்.

ஓய்வு பெறும்வரை சனிக்கிழமை மதியங்களை அதற்கு ஒதுக்கினேன். இரண்டு மாணவிகள் கூட உட்கார்ந்து எண்களைத் தேடிக் கொடுப்பார்கள். நான் கூப்பிடுவேன். சில எண்கள் கிடைக்காது. சிலர் காலமாகியிருப்பார்கள், அந்த வரியில் மகளோ மகனோ சொன்னதை எழுதினோம். நான் கிளம்பும்போது ஒன்பது ஆண்டுப் பதிவேடுகள் முடிந்திருந்தன. பேனாவை அந்த மாணவிகளில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன மாதம் பேசினாள். பத்தாவது பதிவேட்டில் இன்னும் 41 வரிகள் பாக்கி என்றாள்.