டெஸ்ட் ரிப்போர்ட்டில் ரிவிஷன் இருக்கிறதா? ஏ.எஸ். 9100-இல் 8.3 சேர்க்கப் போகிறவர்களுக்கு

ஓசூரில் எங்களுடையது சின்ன மெஷின் ஷாப். கஸ்டமர் டிராயிங் கொடுப்பார், நாங்கள் செய்து கொடுப்போம். அதனால் விமானத் துறைக்கான தர நிர்வாகத் தரமான ஏ.எஸ். 9100 சான்றிதழில் 8.3, அதாவது டிசைன் பிரிவு, எங்களுக்குப் பொருந்தாது என்று காரணம் எழுதி விட்டிருந்தோம். பிறகு ஒரு கஸ்டமர், "பிராக்கெட்டை நீங்களே டிசைன் செய்யுங்கள்" என்றார். 8.3-ஐச் சேர்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

முதல் அடி விழுந்தது கன்சல்டன்ட்டிடம். பணம் வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியது யாரோ ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனிக்கு எழுதிய புரொசீஜர். டிசைன் ரிவ்யூவில் மார்க்கெட்டிங் ஹெட் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. எங்களிடம் அப்படி ஒரு பதவியே கிடையாது. ஏ.எஸ். 9100-இன் 2016 பதிப்பான ரெவ் டி, எல்லாத் துறைக்கும் பொதுவான ஐ.எஸ்.ஓ. 9001-க்கு மேல் விமானத் துறைக்கென்று சேர்த்த வரிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. பயன்படுத்தும் பொருளோ பாகமோ சந்தையில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று டிசைன் தொடங்கும்போதே (இன்புட்) பார்ப்பது, கஸ்டமரின் தேவையைப் பாதிக்கும் மாற்றமென்றால் அமல்படுத்தும் முன்பே அவரிடம் சொல்வது, எல்லாம் விடுபட்டிருந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டு டிசைன், புரொடக்‌ஷன், பர்ச்சேஸ் ஆட்களை உட்காரவைத்து, பிராக்கெட் வேலை எப்படி நடந்ததோ அதையே புரொசீஜராக எழுதினோம். ஆவணங்களைப் பார்க்கும் ஸ்டேஜ் 1 ஆடிட்டில் பிரச்சினை இல்லை.

நடைமுறையைச் சோதிக்கும் ஸ்டேஜ் 2-இல் ஆடிட்டர் வைப்ரேஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். "அலுமினியம் பிராக்கெட், 2 எண்ணம்" என்று மட்டும் அதில் இருந்தது. "டெஸ்டுக்குப் போனது ரிவிஷன் பி-யா, சி-யா?" என்று கேட்டார். டிராயிங்கின் பி பதிப்பிலிருந்து சி-க்குப் போகும்போது ஒரு துளையை நகர்த்தியிருந்தோம். சரியான கான்ஃபிகரேஷன், அதாவது சரியான பதிப்பின்படி செய்த பாகம்தான் டெஸ்டுக்குப் போனது என்று காட்ட வேண்டும் என 8.3.4.1 சொல்கிறது. ரிப்போர்ட்டை வைத்து அதைக் காட்ட வழியில்லை. மைனர் என்.சி. (தரத்துக்கு இணங்காத சிறு குறை) எழுதிவிட்டார்.

எனக்கு ஆறவே இல்லை. நாங்கள் அனுப்பிய டெலிவரி சலானில் டிராயிங் நம்பர், ரிவிஷன் சி, சீரியல் நம்பர் எல்லாம் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு லேப் கவுன்டருக்குப் போனால், "கையெழுத்தான ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டோம். வேண்டுமானால் மறுபடி டெஸ்டுக்குப் பணம் கட்டுங்கள்" என்றார் அங்கிருந்தவர். நான் விடவில்லை. லேப்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 17025-இல் 7.8.2.1, டெஸ்டுக்கு வந்த பொருள் இன்னதுதான் என்று ஐயமின்றி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும் என்கிறது, 7.8.8, வெளியான ரிப்போர்ட்டைத் திருத்தித் தரும் முறையைச் சொல்கிறது. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு டெக்னிக்கல் மேனேஜரைப் பார்த்தேன். அவர் டெஸ்ட் போட்டோவை எடுத்துப் பெரிதாக்கினார். ஷேக்கர் டேபிளில் போல்ட் போட்டிருந்த பிராக்கெட்டின் ஓரத்தில் நாங்கள் பொறித்த சீரியல் நம்பர் பளிச்சென்று தெரிந்தது! காரணம் குறிப்பிட்டுத் திருத்திய ரிப்போர்ட் வந்தது. மறு டெஸ்ட் தேவைப்படவில்லை.

ஆனால் ரிப்போர்ட்டைத் திருத்தினால் மட்டும் என்.சி. மூடாது. மூல காரணமும் மறுபடி வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்பதும் கேட்பார்கள். டெஸ்ட் ரிக்வெஸ்ட் படிவம் ஒன்று போட்டோம். டிராயிங் நம்பர், ரிவிஷன், சீரியல், ஏற்பு வரம்பு நான்கும் அதில் உண்டு. ரிப்போர்ட்டிலும் அவை அப்படியே வராவிட்டால் பில் பாஸ் ஆகாது. பாகத்தை அனுப்பும் முன் நம்பர் தெரிய நீங்களும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. சான்றிதழ் டிராஃப்ட் வந்ததும், எந்தெந்த வேலைக்குச் சான்றிதழ் என்று சொல்லும் ஸ்கோப் வரியைப் படியுங்கள். எங்களுக்கு வந்ததில் பழையபடி "உற்பத்தி" மட்டும் இருந்தது, டிசைன் என்ற சொல்லே இல்லை. விமானத் துறைச் சான்றிதழ்கள் பதிவாகும் ஓயாசிஸ் தளத்தில் கஸ்டமர்கள் பார்ப்பது அந்த வரியைத்தான். பதிவேறும் முன்பே திருத்த வைத்தோம்.