புரதத்தின் அச்சைத் தாங்கும் பாலிமர் துகள்கள்

ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்த சாவி தன் வடிவத்தைப் பள்ளமாக விட்டுச் செல்வதைப் போலவே, ஒரு மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்த பொருளை) வளர்த்து, பின்னர் அதைக் கழுவி நீக்கினால், அதன் உருவத்துக்கும் வேதிக் குழுக்களின் அமைப்புக்கும் பொருந்தும் குழி எஞ்சுகிறது; அதே மூலக்கூறு மீண்டும் வந்தால் அந்தக் குழி அதைப் பிடித்துக்கொள்ளும். வேதியியலாளர் குந்தர் வுல்ஃப் 1972-இல் தொடங்கிவைத்த இந்த முறையால், கிளாஸ் மோஸ்பாக்கின் குழு 1993-இல் தியோஃபிலின், டயஸிபாம் ஆகிய மருந்துகளை ஆன்டிபாடி (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதம்) இல்லாமலேயே அளந்து காட்டியது.

புரதங்கள் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. அவை பெரியவை என்பதால் அடர்ந்த பாலிமர் வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. கரிமக் கரைப்பான்களில் உருக்குலைகின்றன. நீரிலோ, பிணைப்புக்குத் தேவையான ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு நீர் மூலக்கூறுகளே போட்டியிடுகின்றன. ஆகவே முழுப் புரதத்துக்குப் பதிலாக, அதன் வெளிப்புறத்திலுள்ள சிறு பெப்டைடு துண்டை (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலியை) மட்டும் அச்சாகக் கொள்ளும் உத்தி எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

இன்னொரு வழியில், அச்சு மூலக்கூறைக் கண்ணாடி மணிகளின் மேல் பொருத்தி, அதன்மீது நானோ துகள்களை உருவாக்கி, பலவீனமாகப் பிணைந்தவற்றைக் குளிர்நிலையில் கழுவித் தள்ளிய பின், வெப்பமூட்டி உறுதியாகப் பிணைந்தவற்றை மட்டும் சேகரிக்கிறார்கள். இத்துகள்களை மின்முனையிலோ குவார்ட்ஸ் படிகத்திலோ பூசினால், புரதம் வந்து ஒட்டுவது மின்சமிக்ஞையாகவோ அதிர்வெண் மாற்றமாகவோ பதிவாகும்.

இத்துறை ஆய்வுக் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது, அச்சு இல்லாமல் தயாரித்த ஒப்பீட்டுப் பாலிமரின் அளவீட்டைத்தான். ஏனெனில் புரதங்கள் எந்தப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை.