மதியம் 2 முதல் 5 வரை: நீட்டுக்கு முந்தைய 40 நாட்கள்

மார்ச் கடைசியில் பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியும். பெரும்பாலும் மே முதல் ஞாயிறு நீட். நடுவில் இருக்கிற 40 நாளில் பாடத்தைப் புதிதாக நடத்த முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் நாங்கள் இந்த நாட்களில் செய்வது ஒன்றுதான். ஐந்து மார்க் விடையைப் படம் போட்டு எழுதிப் பழகிய கையை, 180 நிமிடத்தில் 180 கேள்வி என்ற வேகத்துக்குத் திருப்புகிறோம்.

மாதிரித் தேர்வைக் காலையில் வைப்பது வீண் வேலை. உண்மையான தேர்வு மதியம் 2 முதல் 5 வரை; கேட் ஒன்றரைக்கு மூடிவிடும். மே வெயிலில், சாப்பிட்ட பிறகு, மூன்று மணிக்குக் கண் சொக்கும். அந்த நேரத்துக்கு உடம்பு பழக வேண்டும். அதனால் 12 மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பாடு, ஒன்றரைக்கு இருக்கையில். உயிரியல் 90 கேள்விக்கு 50 நிமிடம், வேதியியல் 45-க்கு 50, இயற்பியல் 45-க்கு 60. மிச்சம் 20 நிமிடம், விட்டதைத் திரும்பப் பார்க்க.

அதிகம் காலை வாருவது ஓஎம்ஆர் தாள், அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாள். ஒரு வட்டத்தை நிரப்ப 5 விநாடி என்றாலும் 180-க்கு 15 நிமிடம். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைப்பவர்கள் மணி அடிக்கும்போது 30 வட்டம் காலியாக உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட மோசம் வரிசை நழுவுவது. 62-ஐ விட்டுவிட்டு 63-இன் விடையை 62-இல் நிரப்புவது, அது 90-க்கு வரும்போதுதான் தெரிவது. அழிக்க வழியில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரப்பினால் இது நிற்கும். ஜெல் பேனாவை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். தேர்வறையில் தருவது கருப்புப் பால்பாயின்ட்.

மைனஸ் மார்க் பயம்தான் நல்ல பிள்ளைகளையே முடக்குகிறது. சரிக்கு 4, தவறுக்குக் கழிவது 1. கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள்: நான்கு விடைகளில் இரண்டைத் தவறு என்று தள்ளிவிட முடிந்தால் சராசரி லாபம் ஒன்றரை மார்க். கண்ணை மூடிக் குறித்தால்கூடச் சராசரி கால் மார்க் லாபம்தான், ஆனால் 20 கேள்வியில் அப்படி விளையாடினால் 20 மார்க்கும் போகலாம். ஆகவே, இரண்டைத் தள்ள முடிந்தால் குறி, முடியாவிட்டால் தாண்டு.

தமிழ் வினாத்தாள் எடுப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கும் ஆங்கில வரியையும் பார்க்க வேண்டும்; சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. 2018-இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனவே உயிரியல் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிய ஒரு நோட்டு அவசியம்.

மாதிரித் தேர்வு மார்க்கை வாட்ஸ்அப் குழுவில் வரிசை போடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். கீழே இருப்பவர் அடுத்த தேர்வுக்கே வருவதில்லை. பதிலாக, தவறுகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறோம்: தெரியாதது, தெரிந்தும் சறுக்கியது, நேரம் போதாதது. இரண்டாவது நிரலில் எண் ஏறிக்கொண்டே போனால் பாடம் குறை அல்ல, தூக்கம்தான் குறை. ஆறு மணி நேரத்துக்குக் கீழே தூங்குகிறவரிடம் புத்தகத்தைப் பிடுங்கி வையுங்கள்.

ரிப்பீட்டர், அதாவது மறுமுறை எழுதுகிறவர் சங்கதி தனி. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழக அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கைப்படி, தமிழகத்தில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-இல் சுமார் 12 சதவீதம், 2020-21-இல் 71. முதல் முறை எழுதுகிற பிள்ளையிடமும் பெற்றோரிடமும் இதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. முடிவு வந்த இரவில் சொன்னால் காதில் ஏறாது. அந்த இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கான 104, 14416 இரண்டு எண்ணும் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.