விரல் தடிமன்ல ஒரு குழாய்

வாய்க்கால்ல தண்ணி வேகமா ஓடும்போது ஒரு நீளக் குச்சிய உள்ள விட்டுப் புடிச்சா கையில கிர்ர்னு ஒரு நடுக்கம் தெரியும். குச்சிக்குப் பின்னாடி இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழினு மாறி மாறிக் கழண்டு போகுது, ஒவ்வொன்னும் போகும்போது குச்சியப் பக்கவாட்டுல இழுக்குது. அந்த இழுப்பு குச்சியோட சொந்த அதிர்வெண்ணோட ஒத்துப்போச்சுனா ஆட்டம் ஏறிரும்.

என் வேலையில இந்தக் குச்சிக்குப் பேரு தெர்மோவெல். பைப்புக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற நுனி மூடுன குழாய், டெம்பரேச்சர் சென்சார் அதுக்குள்ளதான் இருக்கும். புதுசா சேர்ற பசங்க இந்தக் குழாய் ஆட்டத்தத் தாங்குமானு கணக்குப் போட்டு வெண்டார் அனுப்புன கால்குலேஷன் ஷீட்டப் பிரிச்சுக்கூடப் பாக்காம ஃபைல்ல போட்டுடுறாங்க, அவங்களுக்கெல்லாம் நான் மோஞ்சு கதையச் சொல்லுவேன்.

மோஞ்சு ஜப்பான்ல சுருகா பக்கம் கடலோரத்துல இருக்கிற அணு ரியாக்டர், சூட்டக் கடத்த தண்ணிக்குப் பதிலா உருகுன சோடியம் ஓடுற வகை. 1995 ஆகஸ்ட்லதான் கிரிட்டுக்குக் கரண்ட் குடுத்துச்சு, அதே வருஷம் டிசம்பர் 8 ராத்திரி ரெண்டாவது சுற்று பைப்புல, அதாவது அணு உலைக்குள்ள போகாம வெளிய சூட்டக் கடத்துற சோடியம் ஓடுற பைப்புல, ஒரே ஒரு தெர்மோவெல் ஒடஞ்சு அது வழியா 640 கிலோ போல சோடியம் கொட்டி எரிஞ்சுது. அந்தச் சோடியத்துல கதிரியக்கம் இல்ல, ஆனாலும் ரியாக்டர் மறுபடி ஓட 2010 மே ஆயிடுச்சு, 2016ல மொத்தமா மூடுறதுனே முடிவு பண்ணிட்டாங்க.

அந்தக் குழாயோட தடிமன் அடியில 22 மில்லிமீட்டர், நுனிப் பக்கம் 10 மில்லிமீட்டர், நடுவுல படி மாதிரி சட்டுனு இறங்கும். பக்கவாட்டு ஆட்டம் வர்ற அளவுக்கு ஓட்டத்துல வேகம் இல்லனு டிசைன்ல பாத்துட்டாங்க, அது சரிதான். ஆனா அதவிடக் கம்மி வேகத்துலயே ரெண்டு பக்கச் சுழியும் ஜோடியா ஒரே நேரத்துல கழலும், அப்ப குழாய் ஓட்டத்தோட திசையிலயே முன்னும் பின்னும் ஆடும், அந்தக் காலத்துல டிசைன் பண்றவங்க கைல இருந்த விதிமுறை இத கணக்குல எடுக்கல. லட்சக்கணக்கான தடவ ஆடி ஆடி அந்தப் படியோட மூலையிலதான் விரிசல் விட்டுச்சு. இதுக்கப்புறம்தான் ஜப்பான் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் 1998ல தனி வழிகாட்டியே போட்டுது, அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் (ஏஎஸ்எம்இ) 2010ல கொண்டுவந்த தெர்மோவெல் ஸ்டாண்டர்ட்லயும் இந்த முன்பின் ஆட்டத்துக்குத் தனியா செக் இருக்கு.

போன வாரம் ஒரு சாம்பிள் வந்துச்சு, படி வெச்சது, மூலையில நகத்த வெச்சு இழுத்தா கத்தி முனையில மாட்டுற மாதிரி டக்குனு நிக்குது. அங்க ரேடியஸ் குடுத்து, அதாவது மூலைய வளைவாக்கி, வழவழன்னு கடைஞ்சு அனுப்புங்க, இல்லனா படி இல்லாம சீரா ஒல்லியாகுற டேப்பர் டைப்பா மாத்துங்கனு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். டெலிவரி 3 வாரம் தள்ளிப்போகுதாம், போகட்டும்.